வசுமதியின் கேரக்டர்

ராஜாராமுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். அதற்காக அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை; அவருக்கு அதற்குத்தான் சம்பளம். கல்பாக்கத்தில் ஒரு பெரிய ஆபீஸின் பாஸ் செக்‌ஷனில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அட்டையில் ஒட்டியிருக்கும் போட்டோவையும் எதிரே நிற்கிற மூஞ்சியையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் வேலை. "மீசை எப்ப எடுத்தீங்க?" என்பார். மீசை எடுத்தவன் ஏதோ கொலை செய்துவிட்டு வந்தவன் மாதிரி திருதிருவென்று முழிப்பான். சரி, ஆபீஸில் அப்படி இருக்கட்டும். வீட்டுக்கு வரும்போது மனுஷன் அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டாமா? வர மாட்டார். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். பால் பாக்கெட் எடையில் சந்தேகம். எதிர்வீட்டுக்காரர் சிரித்தால் சந்தேகம். மனைவி பார்வதம் சிரிக்காவிட்டால் சந்தேகம்.

"உங்களுக்கு ஏப்பம் வந்தாக்கூட சோத்துல எவனோ எதையோ கலந்துட்டான்னுதான் நெனைப்பீங்க" என்பாள் பார்வதம்.

மகள் வசுமதி ஒரே பெண். பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டுச் செங்கல்பட்டில் அனிமேஷன் கோர்ஸில் சேர்ந்திருந்தாள். இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் அது. கம்ப்யூட்டர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எந்த அப்பாவும் எதற்கும் தலையாட்டிய காலம். "எல்லாம் கம்ப்யூட்டர்லதாம்பா செய்வாங்க" என்று வசுமதி சொன்னாள், ராஜாராமும் தலையாட்டிவிட்டார்.

ஆனால் பெண் தினமும் சாயங்காலம் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து வீட்டுக்கு வரும்போது, பத்து விரலும் கரி. நகக்கண்ணில் கரி. ஒருநாள் மூக்கு நுனியில்கூட கரி. கம்ப்யூட்டர் தொட்டால் கை எப்படிக் கருப்பாகும்? ராஜாராமுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"கம்ப்யூட்டர் எப்படிப் போகுது?" என்று ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"இன்னும் தொடவே விடலப்பா. மொதல்ல கையால வரையக் கத்துக்கணும்னு ஹுசைன் சார் சொல்றாரு. ஒரு ஆளு நிக்கறத ஒழுங்கா வரையத் தெரியாதவங்களுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குன்னு கேக்கறாரு."

ராஜாராம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவர் வழக்கமே அதுதான். கேட்டால் எதிராளி உஷாராகிவிடுவான், கையும் களவுமாகப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது அவர் கட்சி. அந்த ஹுசைன் சார் என்கிற பெயரை மட்டும் மனசுக்குள் ஒரு ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் வசுமதிக்கு ஒரு வரன் வந்தது. வரனைக் கொண்டுவந்தவர் அக்கவுண்ட்ஸ் கேசவன். அதே ஆபீஸ்தான், கூடுவாஞ்சேரியில் சொந்த வீடு கட்டிக்கொண்டு தினமும் அங்கிருந்து ஆபீஸ் பஸ்ஸில் வருகிறவர். அவர் பையன் ஆதித்யா சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். ஒருநாள் கேசவன் பாஸ் செக்‌ஷனுக்கே வந்து, கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாகக் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"படிப்பு, கிடிப்பு எல்லாம் கேள்விப்பட்டேன் சார். சந்தோஷம். பொண்ணு கேரக்டர் எப்படி? தப்பா எடுத்துக்காதீங்க, கேக்கறது ஒரு வழக்கம்."

"என் பொண்ணு கேரக்டருக்கு நான் கேரண்டி" என்று மார்பைத் தட்டாத குறையாகச் சொன்னார் ராஜாராம்.

சொல்லிவிட்டு வந்த அன்றைக்கே அந்த போன் கால் வர வேண்டுமா? வந்தது. கூடத்தில் ராஜாராம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வசுமதி போனை எடுத்தாள். கூடப் படிக்கிற, அன்றைக்கு வகுப்புக்கு வராத ஆஸ்மா என்ற பெண்ணோடு பேச்சு. ராஜாராம் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்.

"ஆமாண்டி, எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. உன் கேரக்டர் சரியில்ல வசுமதின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

பேப்பர் லேசாக ஆடியது.

"இடுப்பு ரொம்ப வெறைப்பா இருக்காம். கொஞ்சம் வளைஞ்சாத்தான் நல்லாருக்குமாம்... ஆமா, ஞாயித்துக்கெழம மகாபலிபுரம். ஆளுக்கு முப்பது ஃபிகர் புடிக்கணுமாம். ஆம்பள, பொம்பள யாரா இருந்தாலும் சரி, நின்னாலும் சரி, படுத்தாலும் சரி... ஆமா, ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல கூடாதாம்."

பாவம், அந்த மனுஷனைக் கேலி செய்வதற்கு முன்னால் கொஞ்சம் அவர் பக்கமும் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பக்கம் ஃபிகர் என்றால் என்ன? செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிற காலேஜ் பையன்கள், ஒரு பெண் கடந்துபோனால் "செம ஃபிகரு மச்சான்" என்பார்களே, அந்த ஃபிகர். கேரக்டர் என்றால்? ஒரு பெண்ணைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்லும்போது யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்ட இரண்டு வார்த்தையும் ஒரே போனில், பெற்ற பெண்ணின் வாயிலிருந்தே வந்தால் எந்த அப்பனுக்குத்தான் சோறு இறங்கும்?

அந்த இரவு பார்வதத்திடம் சொன்னார். அவள் புரண்டு படுத்தாள்.

"அவளையே கூப்பிட்டுக் கேளுங்களேன்."

"கேட்டா சொல்லிடுவாளா?"

"நீங்க ஒருநாளாவது கேட்டாத்தான் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வசுமதி தோளில் ஒரு பெரிய அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அடுத்த பஸ்ஸில் ராஜாராம் கிளம்பினார். கையில் குடை, கக்கத்தில் பேப்பர். மகாபலிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பேரம் பேசாமல் ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி மாட்டிக்கொண்டார். ராஜாராம் பேரம் பேசாமல் ஒரு பொருளை வாங்கினார் என்றால் அவர் மனசு எந்த நிலையில் இருந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அர்ஜுனன் தபசுப் பாறைக்கு எதிரே அந்தக் கூட்டம் இருந்தது. ஏழெட்டுப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒல்லியாக, ஜிப்பா போட்ட ஒருவன். முப்பது வயசுகூட இருக்காது. இவன்தான் ஹுசைனா! சார் என்றால் தலை நரைத்த ஆளாக இருப்பான் என்றல்லவா நினைத்திருந்தார்? ராஜாராம் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி, குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார்.

"மூஞ்சியப் பாக்காதீங்க" என்று ஹுசைன் சொல்லிக்கொண்டிருந்தான். "எத்தினி வாட்டி சொல்றது? மூஞ்சி பொய் சொல்லும். உடம்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒரு ஆளப் பாத்தா மொதல்ல இன்னா பாக்கணும்? வெயிட்டு எந்தக் கால்ல நிக்குதுன்னு பாக்கணும். அப்புறம் தலையிலருந்து குதிகால் வரைக்கும் ஒரே கோடு. அந்தக் கோடு வந்துடுச்சின்னா ஆளு வந்துட்டான். கண்ணு, மூக்கு, பொத்தான் எல்லாம் அப்பாலிக்கா போட்டுக்கலாம்."

மூஞ்சி பொய் சொல்லுமாமே! காலமெல்லாம் மூஞ்சியைப் பார்த்தே சம்பளம் வாங்கிய ராஜாராமுக்குச் சுருக்கென்றது.

"அந்தப் பூனையப் பாருங்க." ஹுசைன் பாறையில் செதுக்கியிருந்த பூனையைக் காட்டினான். முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, காலடியில் எலிகள் சூழ, பக்திமான் மாதிரித் தவம் செய்கிற பூனை. "மூஞ்சிய வெரலால மறைச்சிகினு பாருங்க. அப்பவும் அது தவம் பண்ற மாதிரி நடிக்குதுன்னு தெரியுதா இல்லையா? உருவத்த மொத்தமா கருப்பா ரொப்பிட்டாலும் இவன் யாரு, இன்னா நெனைக்கிறான்னு தெரியணும். அதான் கேரக்டர். கெளம்புங்க, ஆளுக்கு முப்பது."

பிள்ளைகள் வரைய ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் இளநீர் குடித்தார், அவரை வரைந்தார்கள். புல்வெளியில் ஒரு குடும்பம் படுத்திருந்தது, அதையும் விடவில்லை. நின்றாலும் சரி, படுத்தாலும் சரி என்றது இதுதான் போலிருக்கிறது. ராஜாராமுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான். ஃபிகர் சரி, படம்தான். கேரக்டர் என்று அந்த ஜிப்பா ஏதோ சொன்னதும் காதில் விழுந்ததுதான். ஆனால் 'உன் கேரக்டர் சரியில்லை' என்று ஒரு வயசுப் பெண்ணைப் பார்த்துச் சொன்னானே, அது வேறாகத்தானே இருக்க வேண்டும்? அதோ, அவன் ஏதோ சொல்ல, வசுமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாளே, அது என்ன சிரிப்பு? வீட்டில் இப்படி ஒருநாள் சிரித்திருப்பாளா? ராஜாராம் கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினார். குதிகால் தானாக எம்பியது.

"இன்னா அண்ணாத்த?"

பின்னாலிருந்து குரல். மாங்காய் பத்தை விற்கிற பெண்மணி. வேண்டா என்று பெயர், அந்த இடத்தில் எல்லோருக்கும் தெரிந்தவள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ராஜாராமை மேலும் கீழும் பார்த்தாள். பாஸ் செக்‌ஷனில் அவர் மற்றவர்களைப் பார்ப்பாரே, அசல் அதே பார்வை.

"வந்ததுலருந்து பாத்துகினுதான் கீறேன். கொடைக்குள்ள பூந்துகினு அந்தப் பொண்ணுங்களையே மொறைச்சிகினு கீற. இன்னா விஷயம்?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா..."

"சும்மான்னா? வயசான ஆளாட்டம் கீற, வெக்கமா இல்ல? கூவுனேன்னா ஆட்டோக்காரனுங்க அல்லாரும் வந்துடுவானுங்க, பாத்துக்கோ."

"ஐயையோ! அது என் பொண்ணும்மா" என்றார் ராஜாராம், பதறிப்போய்.

வேண்டா நம்பவில்லை. எப்படி நம்புவாள்? "உன் பொண்ணா? பெத்த பொண்ணுன்னா பக்கத்துல போயி குந்து. இன்னாத்துக்கு மரத்துக்குப் பின்னால மறைஞ்சிகினு நிக்கற?"

ராஜாராமின் முகத்தில் அசடு வழிந்தது. குடையை மடக்கிக்கூடப் பிடிக்காமல், பேப்பரைக் கீழே போட்டு, அதைக் குனிந்து எடுத்து, வந்த வழியே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடையைக் கட்டினார். வேண்டா அவர் முதுகைப் பார்த்துக் கடைசிவரை ஏதோ சொல்லிக்கொண்டேதான் இருந்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டாரா? மறுநாள் மறுபடியும் போன். மறுபடியும் ஆஸ்மா.

"கேரக்டர் கெடச்சிடுச்சுடி! மகாபலிபுரத்துலயே புடிச்சிட்டேன். இத்தன நாளா தேடுனேன், கண்ணு முன்னாடியே இருந்திருக்கு... சார் பாத்துட்டு இதான், இதான்னு குதிச்சாரு." வசுமதி குரலைத் தாழ்த்தினாள். "யாருகிட்டயும் சொல்லிடாத. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

அவ்வளவுதான். ராஜாராமின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தான் ஓடிவந்த பிறகுதான் அங்கே ஏதோ நடந்திருக்கிறது! யாரையோ பிடித்திருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியக் கூடாத யாரையோ. போனை வைத்துவிட்டுத் திரும்பிய வசுமதி, பின்னால் அப்பா நிற்பதைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"நாளையிலேர்ந்து செங்கல்பட்டு வேணாம். படிச்சது போதும்."

"ஏம்ப்பா? நான் என்ன பண்ணேன்?"

"போதும்னா போதும்."

வசுமதி அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, குரல் உடையாமல் சொன்னாள்: "வர்ற சனிக்கெழம எங்க படத்தையெல்லாம் வைக்கறோம். சென்னையிலேர்ந்து அனிமேஷன் கம்பெனிக்காரங்க பாக்க வர்றாங்க. புடிச்சிருந்தா அங்கயே வேலைக்கு எடுத்துப்பாங்க. அதுவரைக்கும் மட்டும் விடுங்கப்பா. அவங்க எடுக்கலன்னா நீங்க சொல்ற மாதிரி நான் வீட்லயே இருக்கேன்."

"அதுல என்னங்க கொறஞ்சிடப்போகுது? அவளுக்கு இருக்கறது அது ஒண்ணுதான்" என்று அடுப்படியிலிருந்து பார்வதம் குரல் கொடுத்தாள். அவள் குரலில் இருந்த கோபம் ராஜாராமுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

"சரி. நானும் வருவேன். வந்து என் கண்ணால பாப்பேன். ஒரு சின்னத் தப்பு தெரிஞ்சாலும் அன்னியோட சரி" என்றார்.

படம் வைக்கிற விஷயம் எப்படியோ கேசவன் காதுக்குப் போயிற்று. "நல்லதாப் போச்சு சார். பொண்ணு பாக்க வரோம்னு முறையா வந்தா பொண்ணு தலையக் குனிஞ்சிக்கும். நானும் எதார்த்தமா வந்த மாதிரி வரேன், ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கேரண்டி கொடுத்த வாய் அல்லவா?

சனிக்கிழமை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு மேலே மாடியில் இருந்தது அந்த கோர்ஸ் நடக்கிற இடம். படியேறும்போதே ஜிலேபி வாசனை. ராஜாராமும் கேசவனும் நுழைந்தபோது ஒரே கூட்டம். சுவர் முழுக்கப் படங்கள். வசுமதி அந்தக் கோடியில் யாரோ ஒரு அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தாள். ராஜாராம் அவளிடம் போகவில்லை. முதலில் தூரத்திலிருந்து நோட்டம் விட வேண்டும்.

சுவர் ஓரமாகவே போனார்கள். ஒரு இடத்தில் கேசவன் நின்றார். நின்றவர் குபீரென்று சிரித்தார்.

"சார், இங்க வாங்க! இந்த ஆளப் பாருங்க!"

ஒரே ஆள், ஆனால் வரிசையாக வெவ்வேறு நிலையில். உடம்பெல்லாம் கரியால் கருப்பாக நிரப்பிய உருவம். ஒன்றில் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் காதைச் சாய்த்துக்கொண்டிருந்தான். ஒன்றில் பால் பாக்கெட்டைக் கையில் தூக்கி எடை பார்த்தான். ஒன்றில் தலைகீழாகப் பிடித்த பேப்பருக்குப் பின்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். கடைசிப் படம்தான் எல்லாவற்றிலும் பெரிசு. ஒரு மரம், ஒரு குடை. குடைக்குக் கீழே ஆமை மாதிரி நீண்ட கழுத்து. முதுகுக்குப் பின்னால் ஒரு கை. வெயிட்டு மொத்தமும் முன்கால் விரலில், குதிகால் அந்தரத்தில். சந்தேகம் என்று கீழே எழுதி ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை.

"எங்க செக்‌ஷன்ல ஒருத்தன் இப்படித்தான் சார். அப்படியே அவன்தான்!" கேசவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ராஜாராமுக்கும் சிரிப்பு பொங்கியது. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து! "ஆமா சார், இந்த மாதிரி ஜென்மங்க எல்லா எடத்துலயும் இருக்கும். பாவம், இவன் பொண்டாட்டி" என்றார்.

கிட்டப் போய்ப் பார்த்தார். எல்லாம் இருந்தது, மூஞ்சி இல்லை. கழுத்துக்கு மேலே வெறும் வட்டம், வெள்ளையாக. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் கேரக்டருக்குக் கண் மூக்கெல்லாம் போட்டிருந்தார்கள். இவனுக்கு மட்டும் ஏன் இல்லை? விஷயம் அங்கேதான் இருக்கிறது என்று தோன்றியது ராஜாராமுக்கு. பழக்க தோஷம். கழுத்தை நீட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

அதற்குள் அந்த அம்மாள் அந்தப் படத்துக்கு நேரே வந்துவிட்டாள். கூடவே வசுமதி. படத்தையே பார்த்துக்கொண்டு இவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் வந்து நின்றதால், வசுமதி அப்பாவைப் பார்க்கவில்லை. ராஜாராம் அவள் முதுகுக்குப் பின்னால் ஓரடி தள்ளி நின்றார். சென்னைக் கம்பெனியிலிருந்து வந்த ஸ்ரீதேவி என்று அந்த அம்மாள் சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது. போட்டோவும் மூஞ்சியும் ஒத்துப்போயின.

"இது உன்னோடதா? ரொம்ப நாள் கழிச்சு ஒரு நல்ல கேரக்டர் பாக்கறேன்" என்றாள் ஸ்ரீதேவி. "கருப்பா இருக்கு, ஆனா ஆளு உள்ள என்ன நெனைக்கறான்னு தெரியுது."

"முன்னாடி சரியில்ல மேடம். ஆளு நிப்பான், ஆனா ஏன் நிக்கறான்னு தெரியாது. உன் கேரக்டர் சரியில்லன்னு சார் திட்டிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் ஒருநாள் மகாபலிபுரத்துல ஒரு மரத்துக்குப் பின்னால பாத்தேன். ரெண்டே நிமிஷத்துல வந்துடுச்சு."

ராஜாராமின் சிரிப்பு அப்படியே நின்றது.

"சரி, மூஞ்சி ஏன் போடல?"

வசுமதி அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தாள். பிறகு, "அது எங்கப்பா மேடம்" என்றாள். "அவரு எப்பவும் எனக்குப் பின்னாலதான் நிப்பாரு. போன் பேசினா பின்னால. பஸ் ஏறினா பின்னால. உடம்பு எனக்கு மனப்பாடம், கண்ண மூடிக்கிட்டுக்கூட வரைவேன். மூஞ்சிய எப்பவும் நேரா பாத்ததில்ல. எத்தனையோ தடவ போட்டுப் பாத்தேன், வரல."

கேசவன் மெதுவாகத் திரும்பி ராஜாராமைப் பார்த்தார். சுவரில் இருந்த கருப்பு உருவத்தைப் பார்த்தார். மறுபடி ராஜாராமைப் பார்த்தார். நீண்ட கழுத்து, பின்னால் கட்டிய கை, எம்பிய குதிகால். போட்டோவும் ஆளும் ஒத்துப்போவதைச் சரிபார்ப்பவர் மாதிரி இருந்தது அவர் பார்வை. ராஜாராம் சட்டென்று குதிகாலைக் கீழே வைத்தார். சத்தம் கேட்டு வசுமதி திரும்பினாள்.

பெண்ணின் முகம் பேயறைந்ததுபோல வெளுத்துவிட்டது. "அப்பா..." என்றாள்.

ஸ்ரீதேவிக்கு இவர்தான் அவர் என்று புரிய வெகுநேரம் ஆகவில்லை. சங்கடமாக ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, வசுமதியிடம் சொன்னாள்: "உன்ன எடுத்துக்கணும்னு எனக்கு ஆசைதாம்மா. ஆனா மூஞ்சி இல்லாத கேரக்டரக் கொண்டுபோய் நான் ஆபீஸ்ல காட்ட முடியாது. சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். முடிச்சிக் குடு, பாக்கலாம்." சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டாள்.

ராஜாராமுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவமானம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஊர் சிரிக்கிறது, சம்பந்தி ஆகப்போகிறவர் பக்கத்திலேயே நிற்கிறார். படியில் இறங்கிப் போய்விடலாம். போய்விட்டால் இவளுக்கு வேலை இல்லை, நாளையிலிருந்து வீட்டிலேயே இருப்பாள், அவர் சொன்னபடியே. எப்போதும் கண்ணுக்கு முன்னால். இல்லை, கண்ணுக்கு முன்னால் இல்லை, முதுகு மட்டும்தான் தெரியும். பெற்ற பெண்ணுக்கு அப்பன் மூஞ்சி தெரியவில்லை. ஊரில் இருக்கிறவன் மூஞ்சியெல்லாம் அவருக்குத் தெரியும்.

"அப்ப நம்ம விஷயம்..." என்று இழுத்தார் கேசவன், காதோரமாக. "பொண்ணுகிட்ட நான் எதார்த்தமா..."

"எதார்த்தம்லாம் வேணாம் சார்" என்றார் ராஜாராம். "கேரண்டி குடுக்க நான் யாரு? எது கேக்கணும்னாலும் அவளுக்கு நேரா நின்னு அவளையே கேளுங்க. இன்னிக்கு வேணாம். இன்னிக்கு அவளுக்கு வேலை இருக்கு."

சுற்றிக்கொண்டு வசுமதிக்கு முன்னால் வந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சரிசெய்தார். "எங்க உக்காரணும்?" என்று கேட்டார்.

ஹுசைன் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "இப்படி வெளிச்சத்துல குந்துங்க சார்" என்று ஜன்னலோரமாகப் போட்டான். வசுமதி எதிரே உட்கார்ந்து கரித்துண்டை எடுத்தாள். கொஞ்ச நேரம் காகிதத்தில் ஒன்றுமே விழவில்லை. பிறகு மெல்ல அந்தச் சரசர சத்தம் ஆரம்பித்தது.

"அசையாதீங்கப்பா."

"நான் அசையலியே."

"கண்ணு அசையுது. ஹுசைன் சாரப் பாக்காதீங்க. என்னப் பாருங்க."

பார்த்தார். அவள் அவரைப் பார்த்துவிட்டுக் காகிதத்துக்குப் போனாள், மறுபடி அவரைப் பார்த்தாள். இப்படி யாரும் அவரைப் பார்த்ததில்லை. பார்ப்பது எப்போதும் அவர் வேலை. பார்க்கப்படுவது இவ்வளவு கஷ்டமா? கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் ஏன் திருதிருவென்று முழிக்கிறார்கள் என்று இப்போதுதான் அவருக்கு விளங்கியது. கழுத்து தானாக நீளப் பார்த்தது. பிடித்து வைத்துக்கொண்டார்.

அவள் நெற்றியில் வியர்த்திருந்தது. கன்னத்தில் கரி. பார்வதத்தின் புருவம். கீழுதட்டுக்கு அடியில் ஒரு சின்னத் தழும்பு. அது அவருக்குத் தெரியவே தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அங்க அடையாளம் என்ற இடத்தில் வலது முழங்கையில் மச்சம் என்று அவர்தான் எழுதிக் கொடுத்தார். இந்தத் தழும்பு எப்போது வந்தது? எங்கே விழுந்தாள்? யார் தூக்கிவிட்டார்கள்? வலித்ததா? கேட்க வேண்டும்போல இருந்தது. காலமெல்லாம் அத்தனை பேரைக் கேள்வி கேட்டவர், பெற்ற பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வாயெடுத்தார்.

"வாய அசைக்காதீங்கப்பா. இப்பத்தான் வாய் வருது" என்றாள் வசுமதி.

ராஜாராம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.